தண்ணி குடிங்க, அடக்கிக்கிட்டு உட்காருங்க: புராஸ்டேட் ரேடியேஷனுக்கு முந்தைய ஏற்பாடுகளின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கேன்.)



இன்னைக்குக் கதை ஒரு ஆஸ்பத்திரி வராண்டால ஆரம்பிக்குது. போன வருஷம் எங்க பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சது. வயசு 71. ஆபரேஷன் வேண்டாம், ரேடியேஷன் கொடுக்கலாம்னு டாக்டர் முடிவு பண்ணினார். எங்க ஊர்ப் பக்கம் இதை இன்னமும் "கரண்ட் வைக்கிறது"ன்னுதான் சொல்வாங்க.

கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சிடி ஸ்கேன் எடுக்கணும். அதுக்கு சிமுலேஷன்னு பேரு. காலைல வயித்தைச் சுத்தமா காலி பண்ணிட்டு வரணும், வந்ததும் ஒன்னுக்குப் போயிட்டு அரை லிட்டர் தண்ணி குடிக்கணும், அப்புறம் முக்கால் மணி நேரம் அடக்கிக்கிட்டு உட்காரணும்னு ஒரு தாள்ல அச்சடிச்சுக் கொடுத்தாங்க.

பெரியப்பா வந்தார், குடிச்சார், உட்கார்ந்தார். டேபிள்ல படுக்க வச்சு ஒரு தடவை ஸ்கேன் ஓட்டினாங்க. டெக்னீஷியன் வெளியே வந்து, "ஐயா, உள்ள கேஸ் நிறைய இருக்கு. இன்னைக்கு எடுக்க முடியாது, நாளை மறுநாள் வாங்க"ன்னு சொல்லிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ல பெரியப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "வந்திருக்கிறது கேன்சர்டா தம்பி. வயித்துல காத்து இருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க."

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. கோடிக்கணக்கில விலை போற மெஷின், ஒரு கிழவரோட வயித்துக் காத்தைச் சமாளிக்க முடியாதா? அன்னைக்கு ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். அடுத்த சில வாரம் படிச்சதுதான் இந்த எபிசோட். ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன்: நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். இது வரலாறு, மருத்துவ ஆலோசனை கிடையாது.

பிரச்சினை இடத்துல இருக்கு

புராஸ்டேட் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு சுரப்பி. அதுக்கு மேல சிறுநீர்ப்பை. பின்னாடி, ஒட்டின மாதிரி மலக்குடல். ரெண்டுமே நிரம்புற, காலியாகுற பைகள். மலக்குடல் நிரம்பினா புராஸ்டேட்டை முன்னாடி தள்ளும். காலியானா அது பின்னாடி இறங்கும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர், சிலருக்குச் சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலயும் நகரும். கேஸ் குமிழி ஒண்ணு கடந்து போனாலே போதும், சில நிமிஷத்துல இடம் மாறும்.

அதாவது, இங்கே இலக்கு அசையாம உட்கார்ந்திருக்கிற பொருள் இல்லை. ரெண்டு பலூனுக்கு நடுவுல இருக்கிற நெல்லிக்காய். இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி வரலாறு தானா புரியும்.

விரலே வழிகாட்டி

1895-ல ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். 1898-ல கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடிச்சாங்க. 1910-களின் தொடக்கத்துலயே பாரிஸ்ல பாஸ்டோ, தெக்ரே ரெண்டு பேரும் ஒரு குழாய்க்குள்ள ரேடியத்தை வச்சு, சிறுநீர் வர்ற வழியாவே உள்ளே செலுத்தி, புராஸ்டேட் கேன்சருக்கு வைத்தியம் பண்ணினாங்க. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில ஹியூ ஹாம்ப்டன் யங்கும் ரேடியத்தைப் பயன்படுத்தினார். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில பெஞ்சமின் பாரிஞ்சர் வேற வழில போனார். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல உள்ள தோல் வழியா ரேடியம் ஊசியைச் செருகுவார். ஊசி எங்கே போகுதுன்னு பார்க்க எந்தப் படமும் கிடையாது. மலக்குடலுக்குள்ள ஒரு விரலை வச்சு, தடவிப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கணும்.

கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. ரேடியம் சுரப்பிக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. சுரப்பி நகர்ந்தா ரேடியமும் கூடவே நகரும். அதனால மலக்குடல் நிரம்பியிருக்கா காலியா இருக்காங்கிறது குறி வைக்கிறதைப் பாதிக்காது. பிரச்சினை வேற இடத்துல இருந்தது. கதிர்வீச்சு சமமாப் பரவாது, பக்கத்துல இருக்கிற மலக்குடலும் சிறுநீர்ப்பையும் வெந்து போகும். 1941-ல சிகாகோவில சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனைக் குறைச்சா புராஸ்டேட் கேன்சர் சுருங்கும்னு காட்டினார். பின்னாடி, 1966-ல, அதுக்கு நோபல் பரிசும் கிடைச்சது. ஹார்மோன் வைத்தியம் வந்ததும் ரேடியம் கொஞ்ச காலத்துக்குப் பின்னால போயிடுச்சு.

வெளியே இருந்து குறி வைக்கும் காலம்

1951-ல கனடாவில கோபால்ட்-60 மெஷின்கள் வந்தது. 1956-ல ஸ்டான்ஃபோர்டுல லீனியர் ஆக்சிலரேட்டர் வேலைக்கு வந்தது. அங்கேதான் மால்கம் பாக்ஷா வெளியே இருந்து புராஸ்டேட்டுக்கு அதிக சக்தி கதிர்வீச்சு கொடுக்கிற முறையை வளர்த்தெடுத்தார். இப்போ கதிர் உடம்புக்கு வெளியே இருந்து வருது. சுரப்பி நகர்ந்தா கதிருக்குத் தெரியாது.

அப்போதைய சாதாரண எக்ஸ்ரேல எலும்பு தெரியும், புராஸ்டேட் தெரியாது. அதனால சிறுநீர்ப்பைக்குள்ளயும் மலக்குடலுக்குள்ளயும் எக்ஸ்ரேல தெரியக்கூடிய திரவத்தைச் செலுத்தி, ரெண்டோட விளிம்பையும் பார்த்து, நடுவுல இருக்கிறது புராஸ்டேட்னு ஊகிச்சாங்க. தயாரிப்புன்னா அதுதான் தயாரிப்பு. தோல்ல அடையாளம் போட்டு, தினமும் அதே மாதிரி படுக்க வைப்பாங்க. இன்னைக்கும் பல இடங்கள்ல இடுப்புல சின்னதா மூணு புள்ளி பச்சை குத்துறாங்களே, அதோட வேர் இங்கேதான். சுவர்ல இருந்து வர்ற லேசர் கோடு அந்தப் புள்ளிகள் மேல விழுந்தா உடம்பு நேரா இருக்குன்னு அர்த்தம்.

ஊகம்தானே, தப்பாகாதான்னு கேட்பீங்க. ஆகும். அதனால பெரிய சதுரமா, தாராளமா கதிரைப் பாய்ச்சினாங்க. சுரப்பி ஒரு சென்டிமீட்டர் அங்கே இங்கே போனாலும் சதுரத்துக்குள்ளதான் இருக்கும். அதுக்கு விலை, மலக்குடலும் அதே சதுரத்துக்குள்ள மாட்டும். அதனாலேயே டோஸை ஒரு அளவுக்கு மேல ஏத்த முடியல.

ஒரே ஒரு படம்

1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டன் விம்பிள்டன் பக்கத்துல அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில, காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கின சிடி ஸ்கேனர்ல முதல் நோயாளியைப் படம் எடுத்தாங்க. ஹவுன்ஸ்ஃபீல்டும் நம்மளை மாதிரி இன்ஜினியர்தான். இஎம்ஐ கம்பெனில வேலை பார்த்தவர். இந்தப் படம் உறுப்புகளைக் காட்டுறதோட, உடம்போட ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அடர்த்தின்னு எண்ணாவும் கொடுத்தது. தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000. அந்த எண்ணை வச்சுக் கதிர் எங்கே எவ்வளவு தங்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட முடிஞ்சது.

1990-கள்ல கதிரைச் சுரப்பியோட வடிவத்துக்கே வெட்டிச் செதுக்க ஆரம்பிச்சாங்க. மலக்குடல் தப்பிக்கும், டோஸை ஏத்தலாம். ஹூஸ்டன்ல உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்துல 1993-ல இருந்து 1998 வரைக்கும் ஆட்களைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினாங்க. 301 பேர். பாதிப் பேருக்கு 70 கிரே, பாதிப் பேருக்கு 78 கிரே. ஆறு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க 70 கிரேல 64 சதவீதம், 78 கிரேல 70 சதவீதம். டோஸ் ஏத்தினா பலன் இருக்குன்னு உறுதியாச்சு.

ஆனா இங்கே ஒரு ஆபத்து சத்தமில்லாம உள்ளே வந்துடுச்சு. செதுக்கின வடிவம் எதை நம்பி இருக்கு? சிகிச்சை தொடங்குறதுக்கு முன்னாடி, ஒரு நாள் காலைல எடுத்த ஒரே ஒரு சிடி படத்தை. அடுத்த ஏழெட்டு வாரமும், ஏறக்குறைய 40 சிகிச்சையும், அந்த ஒரு காலை நேரத்தை அடிப்படையா வச்சுத்தான் நடக்கும்.

எர்ரர் காட்டாத பிழை

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே உறைக்கும். பிழை ரெண்டு வகை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கமா விலகுறது ரேண்டம் எரர். அது கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணையொண்ணு ஈடுகட்டும். அடிப்படையே தப்பா இருந்து, எல்லா நாளும் ஒரே பக்கமா விலகுறது சிஸ்டமேட்டிக் எரர். அது எத்தனை நாள் ஆனாலும் சரியாகாது.

2000-ல நெதர்லாந்து கேன்சர் இன்ஸ்டிடியூட்ல மார்செல் வான் ஹெர்க்கும் கூட இருந்தவங்களும் இதை ஒரு சூத்திரமா எழுதினாங்க. இலக்கைச் சுத்தி எவ்வளவு இடம் கூடுதலா விடணும்? சிஸ்டமேட்டிக் எரரை 2.5 ஆல பெருக்கு, ரேண்டம் எரரை 0.7 ஆல பெருக்கு, ரெண்டையும் கூட்டு. எண்களைப் பாருங்க. முதல் வகைப் பிழைக்கு மூணு மடங்குக்கு மேல கனம். சிடி எடுத்த அன்னைக்கு மலக்குடல் வீங்கி இருந்தா, அது சரியா இந்த வகைப் பிழைதான்.

2005-ல எம்.டி. ஆண்டர்சன்ல இருந்தே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. டி கிரெவோய்சியேயும் அவரோட குழுவும் 78 கிரே வாங்கின 127 பேரோட பழைய சிடி படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தாங்க. மலக்குடலோட குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியா எவ்வளவுன்னு அளந்தாங்க. 11.2 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தவங்கள்ல, ஆறு வருஷத்துல பிஎஸ்ஏ அளவுப்படி நோய் திரும்பாதவங்க 92 சதவீதம். அதுக்கு மேல இருந்தவங்கள்ல 63 சதவீதம்.

11.2 சதுர சென்டிமீட்டர்னா என்ன? வட்டமா நினைச்சா நாலு சென்டிமீட்டருக்கும் குறைவான குறுக்களவு.

70-ல இருந்து 78 கிரேக்கு ஏத்தினதுல கிடைச்ச வித்தியாசம் 6. ஒரு நாள் காலைல வயிறு காலியா இருந்ததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் 29. ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது. முதலாவது திட்டமிட்ட சோதனை, ரெண்டாவது பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தது, ஆட்களும் குறைவு. இருந்தாலும் ரெண்டு வருஷம் கழிச்சு, 2007-ல, நெதர்லாந்து சோதனை ஒண்ணோட தரவுகள்லயும் மலக்குடல் நிரம்பியிருந்தது ஆபத்துக் காரணியா தெரிஞ்சது.

என்னைத் தூங்க விடாதது அந்த 2005 கட்டுரையில இருந்த இன்னொரு வரி. வீங்கின மலக்குடலோட ஸ்கேன் எடுத்தவங்களுக்கு மலக்குடல் பக்கவிளைவும் குறைவா இருந்திருக்கு. யோசிச்சுப் பாருங்க. ஸ்கேன் அன்னைக்கு வீங்கின குடல் சுரப்பியை முன்னாடி தள்ளியிருக்கு. பின்னாடி வந்த நாட்கள்ல குடல் சுருங்க, சுரப்பி பின்னால இறங்கியிருக்கு. கதிர் பழைய இடத்துலயே பாய்ஞ்சிருக்கு. சுரப்பியோட பின்பக்கம் தப்பிச்சது, கூடவே குடலும் தப்பிச்சது. நோயாளி என்ன நினைச்சிருப்பார்? "நமக்கு ஒரு கஷ்டமும் இல்லாம முடிஞ்சது"ன்னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பார். டாக்டரும் அதையேதான் நினைச்சிருப்பார். எந்த எர்ரரும் வராத, லாக்ல எதுவும் பதிவாகாத பிழை. வருஷக் கணக்குக்கு அப்புறம் பிஎஸ்ஏ ஏறும்போதுதான் தெரியும்.

அந்த வரியைப் படிச்சப்போதான், பெரியப்பாவைத் திருப்பி அனுப்பின டெக்னீஷியன் மேல இருந்த கோபம் எனக்குப் போச்சு.

அதுக்கு அப்புறம் வந்த ஏற்பாடுகள்

இந்தப் பிழையை ரெண்டு பக்கத்துல இருந்து சமாளிச்சாங்க. ஒண்ணு, தினமும் பார்த்துக் குறி வைக்கிறது. சுரப்பிக்குள்ள அரிசியைவிடச் சின்னதா மூணு தங்கத் துகள்களை வைப்பாங்க. தங்கம் எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும், உடம்போட வினைபுரியாது. மூணு புள்ளி தெரிஞ்சா இடம் மட்டும் இல்லாம, சுரப்பி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னும் கணக்குப் போடலாம். இதை வச்சிட்டு, வீக்கம் வத்துறதுக்குச் சுமார் ஒரு வாரம் விட்டுத்தான் சிடியும் எம்ஆர்ஐயும் எடுப்பாங்க. "துகள் வச்சாச்சே, ஏன் இன்னும் ஒரு வாரம் காக்க வைக்கிறாங்க"ன்னு கேட்கிறவங்களுக்கு பதில் இதுதான். ஜப்பான்ல ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல ஷிராட்டோவோட குழு, தங்கத் துகளை நேரலையா பின்தொடர்ற முறையையே உருவாக்கினாங்க. அப்புறம் சிகிச்சை மெஷின்லயே சிடி எடுக்கிற வசதியும் வந்தது. 2008-ல குபேலியன் குழு வெளியிட்ட ஆய்வுல, தினமும் படம் பார்த்துச் சிகிச்சை கொடுத்தவங்ககிட்ட அந்த வீங்கின குடல் பாதிப்பு தெரியல.

ரெண்டாவது, உள்ளே இருக்கிற சூழலையே கட்டுப்படுத்துறது. மலமிளக்கி, எனிமா, வாயு உண்டாக்குற சாப்பாட்டைத் தவிர்க்கிறது, அளந்து தண்ணி குடிக்கிறது எல்லாம் இதுல வரும். சிறுநீர்ப்பை நிரம்பி இருந்தா சிறுகுடலைக் கதிர்ல இருந்து மேலே தள்ளி வைக்கும், பையோட மேல் பகுதியும் தப்பிக்கும். சிலருக்குச் சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் நடுவுல ஜெல் ஒண்ணைச் செலுத்துறாங்க. சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும், சில மாசத்துல தானா கரைஞ்சிடும். 222 பேர்கிட்ட நடந்த சோதனைக்குப் பிறகு 2015-ல அமெரிக்காவுல இதுக்கு அனுமதி கிடைச்சது. எல்லாருக்கும் இது தேவைப்படாது.

தினமும் படம் பார்க்கிறாங்களே, அப்புறம் எதுக்கு வயித்தைக் காலி பண்ணணும்? சுரப்பி மொத்தமா நகர்ந்தா டேபிளை நகர்த்திச் சரி பண்ணலாம். குடல் வேற வடிவத்துக்கு மாறினா டேபிளை நகர்த்தி என்ன பயன்? கதிர் பாயும்போதே கேஸ் நகர்ந்தா? இன்னொரு காரணமும் இருக்கு. முன்னே 37 நாள் கொடுத்ததை 20 நாள்ல கொடுக்கலாம்னு 2016-ல வந்த பிரிட்டனோட சிஎச்எச்ஐபி சோதனை காட்டிச்சு. 3216 பேர் கலந்துக்கிட்டாங்க. 2024-ல வெளியான பேஸ்-பி சோதனை, பொருத்தமான நோயாளிகளுக்கு 5 தடவையே போதும்னு காட்டிச்சு. 37 தடவையில ஒரு நாள் தப்பினா 37-ல ஒரு பங்கு. 5 தடவையில ஒரு நாள் தப்பினா அஞ்சுல ஒரு பங்கு. நாள் குறையக் குறைய, ஒவ்வொரு நாள் தயாரிப்புக்கும் கனம் கூடுது.

தாள்ல இல்லாதது

பெரியப்பாகிட்ட இதையெல்லாம் ஒரு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப இதை அவங்க சொல்லியிருக்கலாமேடா"ன்னார்.

அப்புறம் அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் பஸ். நடுவுல இறங்கி ஒன்னுக்குப் போக வழி இல்லை. அதனால முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவார். காலைல வயிறு எப்படிப் போகும்? அச்சடிச்ச தாள் அவர் ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து தொடங்குறதா நினைச்சு எழுதினது. அவரோட நாள் பஸ் ஸ்டாண்டுல இருந்து தொடங்குது.

இன்னொண்ணு. புராஸ்டேட் பிரச்சினை உள்ள நிறைய பேருக்கு ஒன்னுக்கை அடக்குறதே கஷ்டம். அவங்ககிட்டதான் முக்கால் மணி நேரம் அடக்கச் சொல்றோம். ஒன்பதாவது நாள் மெஷின் ஏதோ கோளாறாகி 40 நிமிஷம் தாமதம். பெரியப்பாவால முடியல, வேட்டி நனைஞ்சிடுச்சு. எல்லார் முன்னாடியும். அன்னைக்கு ராத்திரி "மீதியை விட்டுடலாம்"னு பெரியம்மாகிட்ட சொல்லியிருக்கார்.

மறுநாள் நான் லீவு போட்டுட்டுக் கூடப் போனேன். மெஷின்ல இருந்த சிஸ்டர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். "தாமதம்னா எங்களைக் கூப்பிடுங்கய்யா, போயிட்டு வந்து மறுபடி குடிச்சுக்கலாம். ஒண்ணும் தப்பில்லை"ன்னாங்க. அவ்வளவுதான் விஷயம். அது தெரியாம ஒருத்தர் சிகிச்சையையே விட இருந்தார்.

நூறு வருஷத்துக்கு மேல இந்த வரலாறு மெஷின் பக்கமாவே எழுதப்பட்டிருக்கு. ஆனா குறி சரியா விழறதுல ஒரு பகுதி வேலை எப்பவும் நோயாளி கையிலதான் இருக்கு. அவர் குடிக்கிற தண்ணி, சாப்பிடற சாப்பாடு, தூங்குற தூக்கம். அந்த வேலையைச் செய்யறவருக்குக் காரணத்தைச் சொல்லாம விட்டா, அது வெறும் அதட்டலாத்தான் தெரியும்.

உங்க வீட்டுல யாருக்காவது இந்தச் சிகிச்சை இருந்தா, மூணு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க. எவ்வளவு தண்ணி, எத்தனை நிமிஷம் முன்னாடி? அடக்க முடியலைன்னா யார்கிட்ட சொல்லணும்? மலச்சிக்கல் இருந்தா ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்னாடி இருந்து மருந்து? பயணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. ஸ்கேன் அன்னைக்குத் திருப்பி அனுப்பினா, கோபப்படாம இன்னொரு நாள் போங்க.

பெரியப்பா இருபது நாளையும் முடிச்சிட்டார். பதினோராவது நாள்ல இருந்து, தண்ணி குடிச்ச நேரத்தைச் சட்டைப்பை டைரில எழுதி, வரிசைல புதுசா வர்றவங்களுக்கும் காட்ட ஆரம்பிச்சிட்டார். இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிஎஸ்ஏ பார்க்கிறோம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.